வீக்கம் சொன்ன சேதி

1920களில் பாரிஸ் நகருக்கு மேற்கே, கார்ஷ் என்ற சிற்றூரை ஒட்டி, பாஸ்டர் நிறுவனத்தின் குதிரை லாயங்கள் இருந்தன. தொண்டை அடைப்பான் என்கிற டிப்தீரியாவுக்கு அன்றைக்கு இருந்த மருந்து குதிரையின் சீரம்தான். நோயின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஊசி வழியே ஏற்றுவார்கள். குதிரையின் உடல் அந்த நஞ்சை முறிக்கும் பொருளை உண்டாக்கும். பிறகு அதன் ரத்தத்தை எடுத்து, தெளிந்த சீரத்தைப் பிரித்து, மூச்சு முட்டிக் கிடக்கும் குழந்தைகளுக்குப் போடுவார்கள். அங்கே இந்த வேலையைப் பார்த்துவந்தவர் காஸ்தோன் ரமோன் என்ற கால்நடை மருத்துவர். ஒரே மாதிரி ஊசி போட்டாலும் எல்லாக் குதிரைகளும் ஒரே வீரியமுள்ள சீரத்தைத் தருவதில்லை என்பது அவர் கண்ணில் பட்டது. எந்தக் குதிரைக்கு ஊசி போட்ட இடம் வீங்கிச் சீழ் கட்டியதோ, அதன் சீரம்தான் வீரியமாக இருந்தது.

ரமோன் அதை அப்படியே விட்டுவிடவில்லை. வீக்கத்தை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்த்தார். ஊசி மருந்தோடு மரவள்ளி மாவைக் கலந்தார். ரொட்டித் தூளைக் கலந்தார். பலன் கிடைத்தது. மாவுக்கும் டிப்தீரியாவுக்கும் எந்த உறவும் இல்லை. ஆனாலும் மாவு சேர்ந்த ஊசி, தனி ஊசியைவிடப் பல மடங்கு நஞ்சுமுறியைத் தந்தது. 1926இல் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் க்ளென்னி என்பவர் மாவுக்குப் பதில் படிகாரத்தைச் சேர்த்து அதே பலனைக் கண்டார். இன்றும் பல தடுப்பூசிகளில் அலுமினிய உப்பு சேர்கிறது என்றால், அது அந்த ஆண்டுகளின் தொடர்ச்சிதான்.

ஏன் வீங்கிய குதிரை நல்ல சீரம் தந்தது? அறுபது ஆண்டுக் காலம் இந்தக் கேள்வியை யாரும் உரிய கனத்தோடு எடுத்துக்கொள்ளவில்லை. பலன் கிடைத்தது, போதும் என்று விட்டார்கள். இத்தனைக்கும் அதே பாஸ்டர் நிறுவனத்தில், அழற்சியையே வாழ்நாள் பொருளாக எடுத்துக்கொண்ட ஒரு மனிதர் 28 ஆண்டுகள் வேலை பார்த்திருந்தார். ரமோன் குதிரைகளைக் கவனித்த காலத்தில் அவர் உயிரோடு இல்லை. அவர் பெயர் இலியா மெச்னிக்கோவ்.

மெச்னிக்கோவ் மருத்துவர் அல்லர், விலங்கியலாளர். 1845இல் கார்கோவ் அருகே பிறந்தவர். கடலில் வாழும் முதுகெலும்பற்ற சிற்றுயிர்கள் எப்படிக் கருவிலிருந்து உருவாகின்றன என்பதுதான் அவருடைய துறை. முதல் மனைவி காசநோயில் இறந்தார். இரண்டாம் மனைவி ஓல்கா டைஃபாய்டு கண்டு படுத்தபோது, மனம் உடைந்த மெச்னிக்கோவ் மீள்காய்ச்சல் கண்ட ஒருவரின் ரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டு, சாவின் விளிம்புவரை போய் மீண்டார். 1881இல் ஜார் மன்னர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்ட பிறகு, அவர் பேராசிரியராக இருந்த ஒடேசா பல்கலைக்கழகத்தில் அரசியல் நெருக்கடி முற்றியது. 1882இல் பதவியை உதறிவிட்டு, ஓல்காவையும் அவருடைய தம்பி தங்கையரையும் அழைத்துக்கொண்டு இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போனார். மெசினா துறைமுகத்தில் வீடு எடுத்துத் தங்கினார்கள். அந்த நீரிணையில் கடலுயிர்கள் மலிந்து கிடந்தன. விலங்கியலாளருக்கு அதைவிட என்ன வேண்டும்?

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் வீட்டில் எல்லோரும் பழக்கிய குரங்குகளின் வித்தையைப் பார்க்க சர்க்கஸுக்குப் போயிருந்தார்கள். மெச்னிக்கோவ் மட்டும் நுண்ணோக்கியோடு இருந்தார். கண்ணாடி போல உள்ளே தெரியும் நட்சத்திர மீனின் இளவுயிரிக்குள் சில அணுக்கள் தாமாகவே ஊர்ந்து திரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தகைய ஊரும் அணுக்கள் சிற்றுயிர்களில் இரையை விழுங்கிச் செரிப்பதை அவர் ஏற்கெனவே அறிவார். விழுங்கத் தெரிந்த அணு, வெளியிலிருந்து வரும் பகையையும் விழுங்குமல்லவா என்று அப்போது தோன்றியது. தோட்டத்தில் ரோஜாச் செடியிலிருந்து முட்களை ஒடித்துவந்து, இளவுயிரியின் மெல்லிய தோலுக்கடியில் செருகினார். இரவெல்லாம் தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சுற்றி ஊரும் அணுக்கள் திரண்டு மொய்த்திருந்தன.

மனிதன் விரலில் சிலாம்பு ஏறினாலும் நடப்பது இதுவே. சீழ் என்பது அங்கே திரண்ட வெள்ளையணுக்களின் கூட்டம். ஆனால் அந்தக் காட்சியை மருத்துவர்கள் வேறு விதமாகப் படித்து வைத்திருந்தார்கள். அழற்சிக்குச் சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று நான்கு அடையாளங்களை ரோமானியரான செல்சஸ் முதலாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். 1867இல் ஜெர்மனியில் யூலியஸ் கோன்ஹைம், தவளையின் குடல் சவ்வை நுண்ணோக்கியில் விரித்துப் பார்த்து, வெள்ளையணுக்கள் ரத்தக்குழாயின் சுவரைத் துளைத்து வெளியேறுவதைக் கண்ணாரக் கண்டார். அவருக்கு அது ரத்தக்குழாயில் நேர்ந்த கோளாறாகவே தெரிந்தது. நட்சத்திர மீனின் இளவுயிரிக்கோ ரத்தக்குழாயே கிடையாது. சிவக்க ரத்தம் இல்லை, சூடேற வழியில்லை. ஆனாலும் அணுக்கள் முள்ளை நோக்கி வந்தன. சிவப்பும் சூடும் பின்னால் சேர்ந்தவை, அழற்சியின் கரு அணுக்களின் இந்தப் படையெடுப்புதான் என்று மெச்னிக்கோவ் முடிவு கட்டினார். மருத்துவ வரலாற்றில் இவ்வளவு எளிய சோதனையிலிருந்து இவ்வளவு தொலைவு போன சிந்தனை அரிது.

அந்த நேரம் பெர்லினின் புகழ்பெற்ற நோயியலாளர் ருடால்ஃப் ஃபிர்ஹோ மெசினாவுக்கு வந்திருந்தார். இளவுயிரிகளைப் பார்த்துவிட்டு ஊக்கம் தந்தார். கூடவே எச்சரித்தும் வைத்தார். வெள்ளையணுக்கள் கிருமிகளைச் சுமந்து உடலெங்கும் பரப்புகின்றன என்றுதான் அப்போது வகுப்புகளில் கற்பித்தார்கள். அதற்கு நேர் எதிராகப் பேசப்போகிறீர்கள், கவனம் என்பது அவர் சொன்னதன் சாரம். வியன்னாவில் விலங்கியலாளர் க்ளவுஸ் இந்த அணுக்களுக்கு ‘ஃபேகோசைட்’ என்ற பெயரைத் தேர்ந்து தந்தார். 1884இல் மெச்னிக்கோவ் அடுத்த சான்றைக் கொண்டுவந்தார். தண்ணீர்ப் பூச்சியான டாஃப்னியாவின் குடலைக் குத்திக்கொண்டு ஊசி போன்ற பூஞ்சை வித்துகள் உள்ளே நுழையும்போது, அதன் அணுக்கள் அவற்றைச் சூழ்ந்து செரித்தால் பூச்சி பிழைத்தது, தோற்றால் மாண்டது. உயிரோடிருக்கும் ஒரு பிராணிக்குள் நடக்கும் போரைத் தொடக்கம் முதல் முடிவுவரை உட்கார்ந்து பார்த்தவர் அவர்.

1888இல் பாஸ்டர் அவருக்குத் தம் புதிய நிறுவனத்தில் இடம் கொடுத்தார். 1916இல் இறக்கும்வரை மெச்னிக்கோவ் அங்கேதான் இருந்தார். 1891இல் அழற்சியைப் பற்றித் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றி, ஒற்றை அணு உயிர் முதல் பாலூட்டி வரை இந்தத் தற்காப்பின் பரிணாமத்தை விவரித்தார். ஆனால் அதற்குள் காற்று திசை மாறிவிட்டது.

1890இல் பெர்லினில் எமில் ஃபான் பேரிங்கும் ஜப்பானிலிருந்து வந்திருந்த கிதசாதோவும் ஒரு புதுமையைச் செய்து காட்டினார்கள். டெட்டனஸ் நஞ்சுக்குப் பழக்கிய பிராணியின் சீரத்தை இன்னொரு பிராணிக்கு ஏற்றினால், அதுவும் காப்பாற்றப்படுகிறது. அணு எதுவும் வேண்டாம். வெறும் திரவம் போதும். 1894இல் மெச்னிக்கோவின் உற்ற நண்பர் எமில் ரூ, அதே பாஸ்டர் நிறுவனத்தின் குதிரைகளிலிருந்து எடுத்த சீரத்தைக் கொண்டு பாரிஸின் குழந்தைகள் மருத்துவமனையில் டிப்தீரியாச் சாவுகளைப் பாதியாகக் குறைத்துக் காட்டினார். பவுல் எர்லிக் அந்தச் சீரத்தின் வீரியத்தை அலகு போட்டு அளக்கும் முறையை வகுத்தார். சீரத்தில் நஞ்சை முறிக்கும் இந்த எதிர்ப்பொருளை அளக்கலாம், குப்பியில் அடைக்கலாம், விற்கலாம், குழந்தையைக் காப்பாற்றலாம். ஊரும் அணுவை என்ன செய்வது? பார்க்கத்தான் முடியும். எதிர்ப்பொருள் வென்றதற்கு அறிவியல் காரணம் எவ்வளவு இருந்ததோ, அவ்வளவு இந்தக் கைக்கு எட்டும் பலனும் காரணம்.

மெச்னிக்கோவ் சளைக்காமல் வாதாடினார். லண்டனில் அல்ம்ரோத் ரைட், சீரத்திலுள்ள ஒரு பொருள் கிருமியின் மேல் படிந்தால் வெள்ளையணு அதை எளிதில் விழுங்குகிறது என்று 1903இல் காட்டி இரு தரப்புக்கும் பாலம் போட்டார். பெர்னார்ட் ஷா 1906இல் எழுதிய மருத்துவர் நாடகத்தில், எந்த நோய்க்கும் ஃபேகோசைட்டைத் தூண்டிவிட்டால் போதும் என்று முழங்கும் ஒரு பாத்திரமே வருகிறது. 1908 டிசம்பர் 10இல் நோபல் பரிசை மெச்னிக்கோவுக்கும் எர்லிக்குக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். பதினெட்டு நாள் கழித்து மெசினாவைப் பூகம்பமும் ஆழிப்பேரலையும் தரைமட்டமாக்கின. அந்த வட்டாரத்தில் முக்கால் லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள்.

பரிசு இருவருக்கும் என்றாலும் எதிர்காலம் எர்லிக்கின் பக்கம் போயிற்று. அடுத்த எண்பது ஆண்டுகளில் நோயெதிர்ப்பியல் என்றாலே எதிர்ப்பொருளும் அதைச் செய்யும் நிணநீரணுக்களும்தான் என்று ஆனது. 1957இல் தம் கோட்பாட்டை வெளியிட்ட பர்னெட், 1972இல் நோபல் பெற்ற போர்ட்டரும் எடெல்மனும், 1987இல் டொனெகாவா என்று பெரிய பெயர்களெல்லாம் அந்தப் பக்கம். கோடிக்கணக்கான அந்நியப் பொருள்களை உடல் எப்படித் தனித்தனியாக இனம் காண்கிறது என்ற புதிர் அவ்வளவு அழகாக அவிழ்ந்தது. ஃபேகோசைட்டுகளோ பாடநூலின் முதல் அத்தியாயத்தில், ‘குறிப்பற்ற தற்காப்பு’ என்ற தலைப்பில், தோலுக்கும் கண்ணீருக்கும் பக்கத்தில் ஒதுங்கின. விவரம் தெரியாத காவல்காரர்கள் என்ற மதிப்புதான் அவற்றுக்கு.

இன்னொரு நூலிழை தனியாக ஓடிக்கொண்டிருந்தது. 1892இல் ராபர்ட் கோக்கின் பெர்லின் நிறுவனத்தில் ரிச்சர்ட் ஃபைஃபர், காலராக் கிருமிகளைச் சூடாக்கிக் கொன்று கினிப் பன்றிகளுக்குச் செலுத்தினார். செத்த கிருமியே அவற்றைக் கொன்றது. கிருமி வெளியே கக்கும் நஞ்சு இது அன்று, அதன் உடலோடு ஒட்டிய நஞ்சு என்று கண்டு ‘உள்நச்சு’ என்று பெயரிட்டார். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற அறுவை மருத்துவர், தோலில் கிருமித் தொற்று கண்டு கடும் காய்ச்சலில் கிடந்தவர்களுக்குச் சில நேரம் புற்றுக்கட்டி கரைவதைக் கவனித்து, கொன்ற கிருமிகளைக் கட்டி உள்ளவர்களுக்கு ஊசியாகப் போட்டுவந்தார். 1923இல் அமெரிக்காவில் ஃப்ளாரன்ஸ் சீபர்ட், காய்ச்சி வடித்த தண்ணீர் ஊசிக்குப் பிறகும் நோயாளிக்குக் குளிர்க்காய்ச்சல் வருவதற்குக் காரணம் தண்ணீரில் கலந்த கிருமியின் எச்சம் என்று நிறுவினார். சிரை வழியே மருந்தைப் பயமின்றி ஏற்ற முடிகிறதென்றால் அதற்கு அவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். இந்த எச்சத்தை 1952இல் ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலும் லூடரிட்ஸும் தூய்மையாகப் பிரிக்க வழி கண்டார்கள். கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த மூலக்கூறு அது: லிப்போபாலிசாக்கரைடு. உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சில நானோகிராம் போதும், மனிதனுக்குக் காய்ச்சல் வரும். இன்னும் கூடினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகும்.

இதில் ஒரு திடுக்கிடும் உண்மை ஒளிந்திருந்தது. அந்த மூலக்கூறு தானாக எதையும் அழிப்பதில்லை. அதைக் கண்டதும் உடல்தான் கொதித்தெழுகிறது. அந்தக் கொதிப்பு எல்லை மீறும்போது உடலையே கொல்கிறது. 1985இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் பாய்ட்லரும் அந்தோனி செராமியும் அந்தக் கொதிப்பின் முக்கியத் தூதுவனைப் பிடித்தார்கள். வெள்ளையணு வெளியிடும் டிஎன்எஃப் என்ற புரதம் அது. அதை முன்கூட்டியே முடக்கிவிட்டால் உள்நச்சு ஏறிய எலி பிழைத்தது. அப்படியானால் உள்நச்சு வந்திருக்கிறது என்று வெள்ளையணுவுக்கு முதலில் எது சொல்கிறது? ஏதோ ஓர் ஏற்பி இருக்க வேண்டும். அது எது?

விடை ஓர் எலிக்குள் இருந்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வகம் வளர்த்துவந்த சி3எச்/எச்இஜே என்ற எலி இனம், வேறு எலிகளைக் கொல்லும் அளவு உள்நச்சைத் தாங்கி நின்றது. 1965லேயே இது தெரியும். பார்த்தவுடன் பொறாமைப்படத்தக்க எலி என்று தோன்றும். ஆனால் உயிருள்ள சால்மொனெல்லாக் கிருமியை அதற்குக் கொடுத்தால் கதை தலைகீழ்: மற்ற எலிகள் சமாளிக்கும் சொற்ப அளவிலேயே அது செத்துப்போனது. கிருமியின் வாடை தெரியாததால் நச்சு அதைப் பாதிக்கவில்லை. அதே காரணத்தால் கிருமி பெருகுவதும் அதற்குத் தெரியவில்லை. அழற்சி நம்மைக் கொல்லவும் செய்கிறது, அதுவின்றி நாம் பிழைக்கவும் முடியாது என்பதற்கு இந்த எலியைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. குற்றம் நான்காம் குரோமோசோமில் ஓரிடத்தில் என்பதுவரை 1970களில் கண்டுவிட்டார்கள். எந்த மரபணு என்பதுதான் பிடிபடவில்லை.

இந்த இடத்தில் குதிரைகளின் கேள்வி திரும்பி வருகிறது. 1989இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்ப்ரிங் ஹார்பரில் நடந்த கருத்தரங்குக்கு யேல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஜேன்வே ஒரு கட்டுரை எழுதினார். தம் துறையினர் எல்லோரும் ஆய்வகத்தில் தினமும் செய்கிற, ஆனால் வெளியே பேசாத ஒரு காரியத்தை அவர் எடுத்து வெளிச்சத்தில் வைத்தார். தூய்மையான ஒரு புரதத்தை எலிக்கு ஊசியாகப் போட்டால் பெரும்பாலும் எதிர்ப்பொருள் உருவாகாது. செத்த காசநோய்க் கிருமியையும் எண்ணெயையும் கலந்து போட்டால்தான் உருவாகும். ரமோனுக்கு மரவள்ளி மாவு. இவர்களுக்கு எண்ணெயும் கிருமியும். உடல் வெறுமனே ‘அந்நியம்’ என்று எதையும் எதிர்ப்பதில்லை, ‘கிருமி’ என்ற அடையாளம் தெரிந்தால்தான் எதிர்க்கிறது என்றார் ஜேன்வே. கிருமிகளிடம் மட்டும் உள்ள, நம்மிடம் இல்லாத சில பொதுவான அமைப்புகளை அறியும் ஏற்பிகள் பிறவியிலேயே நம் மரபணுவில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பழைய, பிறவி நோயெதிர்ப்பு முதலில் மணி அடித்தால்தான் நிணநீரணுக்கள் எழும் என்று கணித்தார். அத்தகைய ஏற்பி ஒன்றைக்கூட அப்போது யாரும் பார்த்திருக்கவில்லை. கையில் ஒரு சோதனை முடிவும் இல்லாமல், பிறர் அன்றாடம் செய்யும் வேலையை உற்று யோசித்தே இதைச் சொன்னார். கட்டுரை சில ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. மாஸ்கோவில் மாணவராக இருந்த ரஸ்லான் மெட்ஜிதோவ் அதைப் படித்து மனம் பறிகொடுத்து, ஜேன்வேக்கு எழுதி, 1994இல் யேலுக்கே வந்து சேர்ந்தார்.

முதல் ஏற்பி ஈயிலிருந்து வந்தது.

ஃபிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ழூல் ஹோஃப்மன், வெட்டுக்கிளியை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். பூச்சிக்கு எதிர்ப்பொருளும் இல்லை, நிணநீரணுவும் இல்லை. ஆனாலும் அழுகலிலும் சாணத்திலும் வாழ்ந்து தழைக்கிறது. ஸ்வீடனின் ஹான்ஸ் போமன் 1981இல் அந்துப்பூச்சியின் உடல்நீரில் கிருமிகளைக் கொல்லும் சிறு புரதத்தைக் கண்டிருந்தார். அந்தப் புரதத்தைச் செய்யும் கட்டளை எங்கிருந்து வருகிறது என்று ஹோஃப்மனின் குழு பழ ஈயில் தேடியது. டோல் என்ற மரபணு, ஈயின் கருவில் முதுகு எது வயிறு எது என்று தீர்மானிப்பதாக ஜெர்மனியில் நூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் குழு முன்பே கண்டிருந்தது. வளர்ந்த ஈயில் அதற்கு வேறு வேலை உண்டா? புரூனோ லெமெத்ர் முன்னின்று செய்த சோதனையில், டோல் பழுதான ஈக்கள் பூஞ்சைத் தொற்றை எதிர்க்க முடியாமல் மாண்டன. 1996இல் வெளியான ஆய்வின் படத்தில், ஓர் ஈயின் உடலெங்கும் பூஞ்சை இழைகள் முளைத்து மூடியிருந்தன. ஒற்றைப் படம் ஒரு துறையின் போக்கைத் திருப்பிய தருணங்களில் அது ஒன்று. மறு ஆண்டே யேலில் மெட்ஜிதோவும் ஜேன்வேயும் மனிதனிடமும் டோல் போன்ற ஏற்பி இருக்கிறது, அதைத் தூண்டினால் அழற்சிக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்று காட்டினார்கள். அது எந்தக் கிருமிப் பொருளை அறிகிறது என்பது மட்டும் பாக்கி.

அதற்குள் பாய்ட்லர் டல்லஸ் நகருக்கு மாறி, அந்த எலியின் மரபணுவைத் தேடும் வேலையில் ஐந்து ஆண்டுகளாக இறங்கியிருந்தார். அன்றைக்கு எலியின் முழு மரபணுத் தொகுதி வரிசைப்படுத்தப்படவில்லை. எலிகளை இனக்கலப்பு செய்து, குரோமோசோமை அங்குலம் அங்குலமாகக் குறுக்கிக்கொண்டே போக வேண்டும். 1998 செப்டம்பரில் பழுதான எழுத்து கிடைத்தது. டோல் குடும்பத்தைச் சேர்ந்த டிஎல்ஆர்4 ஏற்பியில் 712ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. ஃபைஃபரின் உள்நச்சு 106 ஆண்டுகளுக்குப் பிறகு தன் ஏற்பியைச் சேர்ந்தது. ஈயும் எலியும் மனிதனும் ஒரே பழைய மணியை அடிக்கிறார்கள் என்பது உறுதியானது. ஜப்பானின் ஒசாகாவில் ஷிசுவோ அகிரா இந்தக் குடும்பத்தின் ஏற்பிகளை ஒவ்வொன்றாக எலியில் நீக்கிப் பார்த்து, எது எந்தக் கிருமிப் பொருளை அறிகிறது என்று பட்டியலே போட்டுவிட்டார்.

2011இல் பாய்ட்லர், ஹோஃப்மன், நிணநீரணுக்களுக்குச் சேதி கொண்டுபோகும் கிளையணுக்களைக் கண்ட ரால்ஃப் ஸ்டைன்மன் ஆகிய மூவருக்கும் நோபல் அறிவித்தார்கள். ஸ்டைன்மன் மூன்று நாள் முன்னதாகவே இறந்திருந்தார். பரிசுக் குழுவுக்கு அது தெரியாது. ஜேன்வே 2003இலேயே மறைந்துவிட்டார். அவரையும் மெட்ஜிதோவையும் மறந்துவிடக் கூடாது என்று துறையைச் சேர்ந்த பலர் சேர்ந்து நேச்சர் இதழில் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதத்தில் நியாயம் இருந்தது. ஏற்பியைக் கண்டவர்கள் பலர். அப்படி ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று முதலில் சொன்னவர் ஜேன்வேதான்.

படிகாரத்தோடு நின்றிருந்த தடுப்பூசித் தொழிலுக்கு இதனால் புதிய வழி திறந்தது. உள்நச்சின் நஞ்சைக் குறைத்து, டிஎல்ஆர்4ஐ மட்டும் அளவாகத் தட்டும் பொருள் கருப்பைவாய்ப் புற்றுத் தடுப்பூசி ஒன்றில் சேர்ந்தது. தமிழ்நாட்டில் பலரும் போட்டுக்கொண்ட கோவாக்சினில், செயலிழந்த கொரோனா வைரஸுடன் படிகார வகைப் பொருளும் டிஎல்ஆர்7, 8 ஏற்பிகளைத் தூண்டும் ஒரு மூலக்கூறும் சேர்ந்திருந்தன. குதிரைக்கு மரவள்ளி மாவு செய்ததை இங்கே குறி பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

இந்த மணி கிருமிக்கு மட்டும்தான் அடிக்கிறதா என்பது அடுத்த கேள்வி. குளிர்காற்று பட்டாலே தடிப்பும் காய்ச்சலும் மூட்டுவலியும் வரும் அபூர்வமான பரம்பரை நோய் ஒன்று உண்டு. அதற்குக் காரணமான மரபணுவை 2001இல் சான்டியேகோவில் ஹால் ஹாஃப்மன் கண்டார். மறு ஆண்டு ஸ்விட்சர்லாந்தின் லோசானில் யூர்க் சோப், அணுவுக்குள் சில புரதங்கள் ஒன்றுகூடி ஒரு பொறியாக அமைந்து, ஐஎல்-1 என்ற காய்ச்சல் தூதுவனை முடுக்கிவிடுவதைக் கண்டு ‘இன்ஃப்ளமசோம்’ என்று பெயர் வைத்தார். ஹாஃப்மன் கண்ட மரபணு, அத்தகைய ஒரு பொறியின் உறுப்பாக அமைந்தது. 2006இல் இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது: மூட்டில் யூரிக் அமிலம் படிகமாகி உறையும்போது அதே பொறிதான் இயங்குகிறது. கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலும் துடிக்க வைக்கும் கவுட் நோய்க்குக் கிருமி எதுவும் காரணமில்லை. நம் உடம்பின் சொந்த உப்புப் படிகத்தைப் பார்த்து உடம்பே முள் என்று எண்ணிப் படை திரட்டுகிறது.

இந்தப் பொறியை ஆராய்ந்தவர்களில் திருமலா தேவி கன்னெகன்டி குறிப்பிடத்தக்கவர். ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, பயிர்களைத் தாக்கும் நோய்களிலிருந்து விலங்குகளின் நோயெதிர்ப்புக்கு வந்தவர். 2007 முதல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் ஆய்வுக்குழு நடத்துகிறார். கொரோனா காலத்தில் அவருடைய குழு, டிஎன்எஃப்பும் காமா இன்டர்ஃபெரான் என்ற இன்னொரு தூதுப் புரதமும் தனித்தனியே இருக்கும்போது செய்யாத கேட்டை, இரண்டும் சேர்ந்தால் அணுக்களைக் கூட்டம் கூட்டமாகச் சாகடித்துச் செய்கின்றன என்று எலிகளில் காட்டியது. அந்த நோயில் பலரை வைரஸைவிட அழற்சியே வீழ்த்தியது என்பதை மருத்துவமனைகள் கண்கூடாகக் கண்டன. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, மலிவான பழைய ஸ்டீராய்டான டெக்சாமெத்தசோன், செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் சாவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக அறிவித்தது. அதே ஆய்வில், ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு அந்த மருந்தால் பலன் எதுவும் தெரியவில்லை. அழற்சியை எப்போது அடக்குவது, எப்போது விட்டுவைப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

இதய நோயிலும் அதே தராசுதான். பாஸ்டனில் பால் ரிட்கர் தலைமையில், முன்பே மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் ஐஎல்-1ஐ முடக்கும் கானாகினுமாப் ஊசியைச் சோதித்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். கொழுப்பின் அளவு குறையவில்லை. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு ஆகியவை சேர்த்து 15 விழுக்காடு குறைந்தன. ரத்தக்குழாய் அடைப்பில் அழற்சிக்குப் பங்குண்டு என்பதற்கு மனிதரிடம் கிடைத்த நேரடிச் சான்று அது. கூடவே, உயிரைக் குடிக்கும் தொற்றுகள் சற்றுக் கூடின. ஜாக்சன் ஆய்வகத்து எலியின் கதையே இங்கும் நடந்தது. இதய நோய்க்கு அந்த விலையுயர்ந்த ஊசியைப் பயன்படுத்த அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2018இல் அனுமதி தரவில்லை.

எனவே மருத்துவர்களின் பார்வை மிகப் பழைய ஒரு மருந்தின் பக்கம் திரும்பியது. கவுட் நோய்க்கு நூற்றாண்டுகளாக ஐரோப்பாவில் ஒரு குங்குமப்பூச் சாயலுள்ள செடியின் கிழங்கைக் கொடுத்துவந்தார்கள். அதிலுள்ள கோல்சிசினை 1820இல் பாரிஸில் பெல்த்தியேயும் கவாந்தூவும் பிரித்தெடுத்தனர். வெள்ளையணு ஊர்ந்து செல்வதற்கு வேண்டிய உட்சட்டகத்தையே அது குலைத்துவிடுகிறது. மெச்னிக்கோவ் கண்ட படையெடுப்பு தொடக்கத்திலேயே தளர்கிறது. நம் செங்காந்தளிலும் அதே கோல்சிசின் இருக்கிறது. கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பகுதிகளில் பந்தல் போட்டு, பூக்களுக்குக் கையாலேயே மகரந்தம் சேர்த்து உழவர்கள் வளர்க்கும் அந்தக் கொடியின் விதை, இந்த மருந்துக்காகவே வெளிநாடுகளுக்குப் போகிறது. கிழங்கிலும் விதையிலும் உள்ளது கொடிய நஞ்சு. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால் மருத்துவர் கையைத் தாண்டி யாரும் அதைத் தொடக் கூடாது.

கனடாவின் மான்ட்ரியாலில் இருந்து நடத்திய ஆய்வு ஒன்று, அண்மையில் மாரடைப்பு வந்த 4,745 பேரிடம் தினம் அரை மில்லிகிராம் கோல்சிசினைச் சோதித்து, அடுத்தடுத்த இதயக் கேடுகள் 23 விழுக்காடு குறைந்ததாக 2019இல் சொன்னது. 2023இல் அமெரிக்கா அந்தச் சிறிய அளவை இதய நோய்க்கும் அனுமதித்தது. மறு ஆண்டு, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில் பலன் எதுவும் தென்படவில்லை. யாருக்கு, எந்தக் கட்டத்தில் அழற்சியைத் தணித்தால் இதயம் பிழைக்கும் என்று இதய மருத்துவர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.